வயோல், வயலினின் பாட்டி அல்ல

ஐரோப்பிய இசை வரலாற்றைச் சுருக்கிச் சொல்பவர்கள் வயோலுக்கு ஒரே வரியைத்தான் ஒதுக்குகிறார்கள்: வயலினும் செல்லோவும் வருவதற்கு முன்பிருந்த, பக்குவப்படாத கருவி, மேலானவை வந்ததும் ஒழிந்தது. இந்த வரி வயோலுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல.

முதலில் பிறப்பு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில், விகுவேலா என்ற மீட்டு கருவியின் வழியில் உருவாகி இத்தாலிக்குப் போனது வயோல். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியில் வயலின் தோன்றியது. அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் அருகருகே ஒலித்தன. வம்சமும் வேறு. வயோலுக்குத் தட்டையான முதுகு, சரிந்த தோள், பெரும்பாலும் ஆறு தந்திகள். செல்லோவோ வயலின் குடும்பத்துப் பிள்ளை. இரண்டையும் உட்கார்ந்து காலிடுக்கில் வைத்து வாசிப்பதால்தான் வயோலைச் செல்லோவின் முன்னோடியாக எண்ணும் குழப்பம்.

மெட்டுகள் இருப்பதால் இது கற்றுக்குட்டிகளின் கருவி என்பது அடுத்த குற்றச்சாட்டு. வயோலின் மெட்டுகள் கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புகள். சுருதி முறைக்கு ஏற்ப நகர்த்தலாம். விரல் அழுத்திய தந்தியும் திறந்த தந்தியைப் போலத் தெளிவாக ஒலிக்கும். பல சுரங்களை அடுக்கி வாசிக்கவும் வசதி. வில்லை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பிடிப்பார்கள். வாசிக்கும்போதே நடுவிரலால் வில்லின் மயிரை அழுத்தி விறைப்பைக் கூட்டலாம், தளர்த்தலாம். ஒரே சுரம் வீங்கித் தணியும். வயலின்காரருக்கு இந்த வசதி இல்லை. பிரெஞ்சு வயோல் கலைஞர் மரேன் மரே 1686 முதல் 1725 வரை வெளியிட்ட ஐந்து தொகுப்புகளைக் கற்றுக்குட்டி யாரும் தொட முடியாது. கடைசித் தொகுப்பில் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் சிகிச்சையையே இசையாக்கியிருக்கிறார்!

ஒலி சன்னம் என்பது உண்மை. ஆனால் அது குறையல்ல. இங்கிலாந்தில் வீட்டு அறைகளில் நண்பர்கள் கூடி வாசித்த கருவி அது. 1680இல் ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதிய ஃபேன்டேசியா என்னும் பல குரல் இசைக்கோவைகளில் ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்க வேண்டும். அதற்கு அந்தச் சன்னம்தான் தேவை. கச்சேரி பெரிய மண்டபங்களுக்கு மாறியபோது உரத்த கருவிகள் வென்றன. மாறியது கேட்கும் இடம். அந்த மாற்றத்தின் நடுவே, 1740இல் ஹ்யூபேர் லெ பிளான் என்ற பிரெஞ்சுக்காரர் வயலினையும் செல்லோவையும் எதிர்த்து வயோலுக்காகத் தனி நூலே எழுதினார்.

செல்லோ கைவசம் இல்லாததால்தான் வயோலை நாடினார்கள் என்பவர்கள் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கைப் பார்க்கட்டும். செல்லோவுக்கே ஆறு தனித் தொகுப்புகள் எழுதியவர் அவர். ஆனாலும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தன் ‘மத்தேயு பாடுக’ளில் சிலுவையைச் சுமக்க முன்வரும் பாடலுக்குத் துணையாக அவர் வைத்தது வயோலைத்தான்.