'இடுப்பளவு தண்ணிதானே'னு நினைக்கிறீங்களா? பழவேற்காடு ஏரியில் படகு ஏறும் முன்னாடி இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையிலிருந்து பைக்கை எடுத்தால், பொன்னேரி வழியாக இரண்டு மணி நேரத்தில் பழவேற்காடு போயிடலாம். பூநாரைக் கூட்டம், டச்சுக்காரர்கள் கல்லறை, சுடச்சுட நண்டு மசாலா, போனில் நாலு ரீல்ஸ். எல்லாம் முடிந்ததும் கரையில் நிற்கும் பைபர் படகைப் பார்த்து எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு: "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?"

கேட்கத் தோன்றுவதில் தப்பில்லை. ஏரி அப்படித்தான் இருக்கும். அலை இல்லை, இரைச்சல் இல்லை. தூரத்தில் ஒருத்தர் இடுப்பளவு தண்ணியில் நின்று வலை வீசிட்டு இருப்பார். அவரே நிற்கிறார், நமக்கு என்ன ஆகிடப்போகுது?

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்த குடும்பங்கள் இதே மாதிரி ஒரு மீன்பிடிப் படகில் ஏறின. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அதன் பிறகுதான் அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடை வந்தாலும் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பதாக அவ்வப்போது செய்தி வந்துகொண்டேதான் இருக்கு. ஏறுவதற்கு ஆள் இருக்கும்வரை ஏற்றுவதற்கும் ஆள் இருப்பார் இல்லையா?

2023 மே 7-ம் தேதி கேரளாவின் தானூரில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அங்கேயும் பலி 22 பேர். மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியதுதான் அந்த விபத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. மீன்பிடிப் படகு என்பது வலை, ஐஸ், மீன் என எடை எல்லாம் அடித்தட்டில் கிடக்க, இரண்டு மூன்று பேர் குனிந்து வேலை செய்வதற்கான பொருள். அதில் பதினைந்து பேர் ஏறி, பாதிப் பேர் எழுந்து நின்று, "அதோ பூநாரை!" என்று எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் எடை முழுக்க மேலேயும் ஓரத்திலும் போயிடும். அப்புறம் படகைக் கவிழ்க்கப் புயல் தேவையில்லை.

சரி, சவாரி கதை இத்தோடு போகட்டும். அது நாம் வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற முட்டாள்தனம். அதே ஏரியில் தினமும் படகு இறக்குகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றி நாம் எவ்வளவு பேசுகிறோம்?

ஆழம் இல்லாததே ஆபத்து

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்.

'ஒரு மீட்டர்னா முழுகவே முடியாதே' என்று தோன்றும். இங்கேதான் கணக்கு மாறுது. காற்று, திறந்த தண்ணிப் பரப்பில் பல கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடும்போது அலை எழும்பும். ஆழமான கடலில் அந்த அலை நீண்டு, சரிவாக, படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஆழம் குறைந்த ஏரியில் அதே காற்று குட்டையான, செங்குத்தான அலையை அடுத்தடுத்து எழுப்பும். உயரம் முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனால், சின்னப் படகின் விளிம்பே தண்ணிக்கு மேலே ஒரு முழம்தான். மீன் ஏறிய பிறகு அதுவும் குறையும். ஓர் அலை உள்ளே விழுந்து, அதை வாளியால் இறைப்பதற்குள் அடுத்தது வரும். படகுக்குள் புகுந்த தண்ணி சும்மா கிடக்காது, படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி அதை இன்னும் சாய்க்கும்.

கவிழ்ந்த பிறகும் "நின்னுக்கலாம்" என்பது பாதிதான் உண்மை. கீழே இருப்பது சேறு, கால் புதையும். பக்கத்தில் கட்டு வலையும் கழிகளும் இருக்கும், இருட்டில் கால் சிக்கும். அலையாத்திச் செடி ஓரமும், வெட்டிவிட்ட வாய்க்கால்களும், பக்கிங்ஹாம் கால்வாய் சேரும் இடங்களும் ஆழத்தை அடியடியாக மாற்றும். இறால் அதிகம் நடமாடுவது ராத்திரியில் என்பதால் வேலையும் பெரும்பாலும் ராத்திரியில்தான். நீங்க பார்த்த அந்தக் கண்ணாடி ஏரி காலை ஏழு மணி ஏரி. மதியம் கடல்காற்று ஏறிய பிறகு அது வேற ஏரி.

அதைவிட மோசமானது, மேற்கிலிருந்து வருகிற இடிமழை. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் உள்மாவட்டங்களில் பகலில் கருக்கூடும் மேகம், சாயங்காலத்துக்கு மேல் கடற்கரை நோக்கி நகரும். அது வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று திடுமென அடிக்கும். சென்னையில் மொட்டை மாடித் துணியைத் தூக்கிட்டுப் போகுமே, அதே காற்றுதான். ஏரி நடுவில் நிற்பவருக்கு அதற்கும் முதல் அலைக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் கிடைக்கும். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம் கடற்கரை மக்கள். மேற்கே வானம் கறுத்தால் வலையை விட்டுட்டுக் கிளம்பணும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் கிளம்புவதில்லை?

ஒரு நாள் போனால் போச்சா?

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்கள், எந்த இடம் யாருக்கு, என்றைக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைமுறைகளாக நடக்கிற இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள்கூட வந்து பதிவு பண்ணிட்டுப் போயிருக்காங்க. பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பகிர்வதற்கு நல்ல உதாரணம்.

ஆனால், அந்த முறையில் உங்கள் நாள் மழை நாளில் வந்தால்? விட்டுட்டா அடுத்த முறை வரும்வரை காத்திருக்கணும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று வேறு அறிவிப்பு வரும். புயல் சின்னம் உருவானால் நாலைந்து நாள் போச்சு. இப்படி நாள்களைத் தின்னக் கொடுத்தவருக்கு, வானம் லேசாகக் கறுத்த ஒரு நாள் 'பார்த்துக்கலாம்' நாளாகத்தான் தெரியும். ஆபீஸில் நாம் காய்ச்சலோடு லாகின் பண்ணுகிறோமே, அதே மனசுதான். பந்தயம் மட்டும் பெரிசு.

இதில் முகத்துவாரப் பிரச்னையும் சேருது. ஏரி கடலோடு சேரும் வாய் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகும். கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வருவது அந்த வழியில்தான். வாய் அடைந்தால் ஏரியில் பிடிப்பு குறையும். குறைந்தால் ஏரிக்காரரும் கடலுக்குத்தான் போகணும். போகும் வழி? அதே அடைபட்ட வாய்! மணல்மேட்டின் மேல் கடல் அலை உடைந்து விழும் இடம் அது. ஏரித் தண்ணி வெளியே வடியும் நேரமாக இருந்தால், வெளியே போகிற ஓட்டமும் உள்ளே வருகிற அலையும் மோதி, நின்ற இடத்திலேயே அலை சுவர் மாதிரி எழும். அந்த நேரத்தில் குறுக்கே திரும்பின படகு நேராவது கஷ்டம். ஆக, மணல் அள்ளாத ஒவ்வொரு வருஷமும் மீனவரின் வருமானத்தோடு சேர்த்து உயிரையும் உரசுது. பல வருஷக் கோரிக்கைக்குப் பிறகு, முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க சுமார் 27 கோடி ரூபாயில் தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தைத் தமிழக அரசு எடுத்தது. மீன்வளத் திட்டம் என்ற கணக்கில்தான் அது பேசப்படுது. என்னைக் கேட்டால், பழவேற்காட்டின் மிகப் பெரிய உயிர்காப்புத் திட்டமே அதுதான்.

வானிலை அறிக்கையில் ஏரி எங்கே?

'மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்' என்ற அறிவிப்பை டிவியில் ஆயிரம் முறை கேட்டிருப்பீங்க. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் என்று வருமே, அது கடல் பகுதிகளுக்கானது. உள்ளே ஏரியில் இருப்பவருக்கு, சாயங்காலம் 6 மணிக்கு மேற்கிலிருந்து வரப்போகும் அரைமணி நேரக் காற்றைப் பற்றி அது பேசாது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இதே சிக்கல் பல மடங்கு பெரிதாக இருந்தது. ராத்திரி இடிமழையில் ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 பேர்வரை இறப்பதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. உலக வானிலை அமைப்பும் அந்தந்த நாட்டு வானிலைத் துறைகளும் சேர்ந்து, ஏரிக்கென்றே தனி முன்னறிவிப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். உள்ளூர் மொழியில், படகு கிளம்பும் நேரத்தைப் பார்த்து, ரேடியோவில் சொன்னார்கள். சென்னையிலேயே வானிலை ரேடார் இருக்கும்போது, பழவேற்காட்டுக்கு அப்படி ஒரு ரெண்டு வரி அறிவிப்பு கொடுப்பது பெரிய செலவு இல்லை.

அதுவரை கையில் இருப்பது போன்தான். மின்னல் எச்சரிக்கைக்கு புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' ஆப் இருக்கு. உங்களைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும். இயற்கைச் சீற்றங்களில் இந்தியாவில் அதிகம் பேரைக் கொல்வது வெள்ளமோ வெயிலோ இல்லை, மின்னல்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் 2,887 பேர். தட்டையான ஏரியில் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது படகில் நிற்கும் ஆள்தான். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துடுச்சு, உடனே கரைக்குத் திரும்பணும். முடியாவிட்டால் கழியைப் படுக்க வைத்துவிட்டு, இன்ஜினைத் தொடாமல், தாழ்வாக உட்காரணும்.

லைஃப் ஜாக்கெட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "நாங்க தண்ணியிலயே பொறந்தவங்க" என்று சிரிப்பார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் புள்ளிவிவரத்தில், அங்கே படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள். நீச்சல் தெரிந்தவர் தலையில் படகு விளிம்பு இடித்தால் நீச்சல் உதவாது. ஆனால், மீனவர் சொல்லும் காரணமும் பொய் இல்லை. நம்ம வெயிலில் அந்த ஆரஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்டு வலை இழுத்துப் பாருங்க, பத்து நிமிஷத்தில் கழற்றிடுவீங்க. வலையும் அதில் மாட்டும். மெல்லிய, காற்று நிரப்பும் வகை ஜாக்கெட்தான் இந்த வேலைக்குச் சரி. விலை அதிகம். பிரதமர் மீன்வளத் திட்டத்தில் சின்னப் படகுகளுக்கான பாதுகாப்புக் கருவித் தொகுப்புக்கு மானியம் உண்டு. அதில் எந்த வகை ஜாக்கெட் வாங்கப்படுது என்பதைப் பொறுத்தே அது மீனவர் உடம்பில் இருக்குமா, வீட்டுப் பரணில் இருக்குமா என்பது முடிவாகும்.

காசே இல்லாத ஒரு கருவியும் இருக்கு. வெளிப்புற இன்ஜினில் தொங்கும் சிவப்புச் சுருள் கயிறு. அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், ஆள் தண்ணியில் விழுந்ததும் இன்ஜின் நின்றுவிடும். தொந்தரவு என்று இன்ஜினிலேயே கட்டி வைத்துவிட்டால், தனியாகப் போனவர் விழுந்த பிறகு படகு அவரைச் சுற்றியே விசிறியோடு வட்டமடிக்கும். வலை எங்கேயாவது சிக்கினாலும் ஒரே பக்கம் நின்று இழுக்கக் கூடாது, அறுத்து விடுவது மலிவு. நங்கூரத்தை முன்பக்கம்தான் கட்டணும். பின்பக்கம் கட்டினால் இன்ஜின் எடையோடு தாழ்ந்திருக்கும் அந்த ஓரத்தில்தான் அலை ஏறும். கவிழ்ந்தால் கரை பக்கத்தில் தெரிகிறது என்று நீந்தக் கிளம்பாமல் படகைப் பிடித்துக்கொள்ளணும். தேடி வருபவர் கண்ணுக்குத் தலை தெரியாது, படகு தெரியும்.

உங்க வீட்டிலோ நண்பர் வீட்டிலோ யாராவது இந்த வேலையில் இருந்தால், இன்னைக்கே ரெண்டு விஷயம் பண்ணுங்க. அவர் போனில் 1093, 1554 ரெண்டு எண்ணையும் சேமித்துக் கொடுங்க. முதலாவது கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ், அடுத்தது கடலோரக் காவல்படை. அப்புறம், கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டு, போனை ஒரு வாட்டர்ப்ரூஃப் பையில் கழுத்தில் மாட்டச் சொல்லுங்க.

சுற்றிப் பார்க்கத்தான் போறீங்க என்றால், பூநாரை கரையிலிருந்தே நல்லாத் தெரியும். நண்டை மட்டும் பேரம் பேசாமல் வாங்குங்க.