கல்லாவுல இருக்கிறவர் நல்லவர்தான், அதனாலதான் சொல்றேன்

திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி டவுன்ஷிப் பக்கம் கடை வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருது. "நம்ம பையன்தான் சார் கல்லாவுல இருக்கான். பத்து வருஷம் ஆச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல." எனக்குப் பயமே இந்தப் பதில்தான்.

காசினோவைப் பாருங்க. ஆடப் போகச் சொல்லல. கணக்குப்படி அங்கே ஜெயிக்கிறது நடத்துறவர்தான். கோவா, சிக்கிம்ல இருக்கு, நம்ம மாநிலத்துல கிடையாது. ஆனா பணத்தைக் காக்கிற முறையை அவங்ககிட்ட கத்துக்கலாம். மேஜையில சீட்டு போடுற ஊழியர் எழுந்து போகும்போது ரெண்டு கையையும் தட்டி, உள்ளங்கை, புறங்கை ரெண்டையும் கேமராவுக்குக் காட்டணும். வாங்குற நோட்டு மேஜைக்கு அடியில இருக்கிற பூட்டின பெட்டிக்குள்ள விழும். சாவி அவர்கிட்ட இருக்காது. பெட்டியை எடுக்கிறவர் வேற, எண்ணுறவர் வேற. கேமரா பார்க்கிற குழு, மேஜைகளை நடத்துற மேனேஜருக்குக் கீழே வரவும் கூடாது.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தைன்னு நினைக்காதீங்க. நம்ம கோயில் உண்டியலும் அதே மாதிரிதான்: சீல், அதிகாரிகள் முன்னாடி திறப்பு, பலர் உட்கார்ந்து எண்ணுறது. திருமலை பரகாமணியில எண்ணுறவங்க பாக்கெட் இல்லாத வேட்டிதான் கட்டணும். அப்படியிருந்தும் 2023-ல அங்கே டாலர் நோட்டு திருட்டு வழக்கு வந்துச்சு. சாமி காசுக்கே இந்த நிலைமைன்னா நம்ம கல்லா எம்மாத்திரம்?

ஆனா என் வாதம் திருட்டைப் பத்தி மட்டும் இல்ல. சின்ன வயசுல நான் வேலை பார்த்த ஒரு ஜவுளிக்கடையில ஒருநாள் 2,000 ரூபாய் குறைஞ்சுது. ஒரே டிராயர்ல நாலு பேர் கை வைப்போம். பழி விழுந்தது பெரியவர் ஒருத்தர் மேல. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, திரும்பி வந்த புடவைக்குப் பணம் கொடுத்ததை யாரோ எழுதல. முதலாளி மன்னிப்பு கேட்டார். அவர் திரும்ப வரவே இல்ல. கட்டுப்பாடு இல்லாத கடையில நல்லவர் தன்னை நிரூபிக்க வழியே கிடையாது.

அதனால ஒரு டிராயர், ஒரு ஆள். ஆள் மாறும்போது ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து போடணும். பில் போடுறவரே பேங்க்ல பணம் கட்டக் கூடாது. வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தா சீட்டு வேணும். கடையில ஒட்டியிருக்கிற க்யூஆர் உங்க கணக்குதானான்னு வாரம் ஒரு தடவை ஒரு ரூபாய் போட்டுப் பாருங்க. பேங்க்ல முக்கியமான இடங்கள்ல இருக்கிறவங்களை முன்கூட்டியே சொல்லாம வருஷத்துக்கு 10 வேலை நாளாவது தொடர்ந்து லீவுல அனுப்பணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. உங்க கேஷியருக்கும் லீவு கொடுங்க, பாவம் அவரும் ஊருக்குப் போகட்டும். அந்த நாள்ல வேற ஆள் உட்காரட்டும்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க முதலாளி. பால் வாங்க 200, பெட்ரோலுக்கு 500னு கல்லாவுல இருந்து சீட்டு இல்லாம எடுக்கிறது பெரும்பாலும் நீங்கதான். இன்னிக்கு ராத்திரியில இருந்து உங்களுக்கும் சீட்டு.