ராதிகா இறங்கி வரவில்லை

1999 ஏப்ரலில் ‘படையப்பா’ வெளிவந்தபோது ரஜினிகாந்துக்கு வயது 48. அவர் கதாநாயகனாக நடித்ததில் யாருக்கும் வியப்பில்லை. 1984-இல் ‘நல்லவனுக்கு நல்லவன்’ படத்தில் அவருக்கு ஜோடியாக நடித்த ராதிகா அவரைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் அந்த 1999-இல் சினிமா அவருக்கு வைத்திருந்தவை பெரும்பாலும் அக்கா, அண்ணி, அம்மா வேடங்கள்தான். ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயி போன்ற பாத்திரம் எப்போதோ ஒருமுறைதான் வாய்க்கும். அந்த ஆண்டின் இறுதியில்தான் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியது. கதையின் நடுவில் நின்றவர் அவர்; தயாரித்ததும் அவருடைய ராடான் நிறுவனமே. பெரிய திரையில் வாய்ப்புக் குறைந்ததால் நடிகைகள் சின்னத்திரைக்கு ‘இறங்கி’ வருகிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1978-இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானவருக்கு, அழைப்புக்காகக் காத்திராமல் ஆண்டுக்கணக்கில் தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் நிலை தொலைக்காட்சியில்தான் அமைந்தது. அதை இறக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ‘காதல் கோட்டை’ தேவயானியும் முப்பது வயதுக்குள்ளேயே ‘கோலங்கள்’ தொடருக்கு வந்து, 2003 முதல் 2009 வரை அதைத் தாங்கினார்.

மெகா தொடர்கள் பெண்ணை அழவைத்தே காசு பார்த்தன, மாமியார் மருமகள் பகையை வீட்டுக்குள் கொண்டுவந்தன என்பார்கள். பெருமளவு உண்மை, கதையை இழுத்த இழுப்பையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பெண்ணை அடக்கிவைப்பதைப் பெருமையாகக் காட்டிய படங்களுக்காக எந்த நடிகரின் சாதனையையும் நாம் குறைத்து எண்ணியதில்லையே. எம்.ஆர்.ராதாவின் மகளுக்கு எல்லாம் எளிது என்பது இன்னொரு வாதம். பெயர் கதவைத் திறந்திருக்கலாம். ‘சித்தி’, ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’ என்று தொடங்கி 2018-இல் முடிந்த ‘வாணி ராணி’ வரை இரவுதோறும் பார்வையாளரை உட்கார வைத்தது தந்தையின் பெயர் அல்ல. 1985-இல் ‘மீண்டும் ஒரு காதல் கதை’யைத் தயாரித்தபோதே முதலீட்டின் ஆபத்தை அவர் அறிந்தவர்.

சிராங்கூன் சாலையிலிருந்து பார்க்கும் நமக்கு இது சென்னைச் செய்தி மட்டுமல்ல. சிங்கப்பூரில் தமிழ் நடிகைக்கு நிலையான வேலை தரும் திரைத்துறை இல்லை. தொலைக்காட்சிதான் அவருடைய முதன்மைக் களம். 2008-இல் இங்குள்ள தொலைக்காட்சியின் வசந்தம் தனி ஒளிவழியானபின் அந்தக் களம் விரிந்தது. அப்படியிருக்க, சின்னத்திரையைச் சினிமாவுக்கான காத்திருப்பு அறையாக நாம் எண்ணினால், இங்குள்ள கலைஞரின் வாழ்நாள் உழைப்பையே முன்னோட்டமாக்கி விடுகிறோம். வசந்தத்தின் விருது நிகழ்ச்சியான பிரதான விழா மேடையில் கைதட்டுவதோடு அந்த உழைப்புக்கான மரியாதை முடிந்துவிடக் கூடாது. வசந்தம் நடிகை ஒருவரைப் பேட்டி காண்பவர், சென்னையிலிருந்து அழைப்பு வந்ததா என்று கேட்பதற்குமுன், கதையிலும் தயாரிப்பிலும் அவருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று கேட்கட்டும்.