விளக்கடிக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாமிரவருணிக் கரை ஊர்களில் மாலை மங்கி விளக்கேற்றியதும், அழையாத விருந்தாளிகள் கூட்டங் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். இலையில் விழுவார்கள், ரசத்தில் மிதப்பார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் புஸ்தகத்தில் வரிக்கு வரி உட்கார்ந்து கொள்வார்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிடுவதா, பூச்சியையும் சேர்த்துச் சாப்பிடுவதா என்ற தர்மசங்கடம் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மறுநாள் காலையில் வீட்டுப் பெண்கள் விளக்கடியைப் பெருக்கி, ஒரு முறம் சிறகுகளை வாசலுக்கு அப்பால் கொட்டுகிறார்கள். விஷயம் அத்துடன் முடிந்து போகிறது.

முடியாத இடங்களும் உண்டு. அம்பாசமுத்திரத்தில் 1937-ம் வருஷத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1986-ல் வெளிவந்த ‘ஏ.எஸ்.டி. 16’ என்னும் குண்டு நெல் அங்கே பிறந்ததுதான் என்றால், அந்த நிலையத்தின் அருமை நேயர்களுக்கு எளிதில் விளங்கும். புதிய நெல்லைப் பற்றி ஊரெல்லாம் பேசும். ஆனால் இத்தகைய நிலையங்களில் ஓசைப்படாமல் நடந்துவரும் இன்னொரு காரியத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. இரவில் விளக்கு வைத்துப் பூச்சிகளைப் பிடிக்கிறார்கள்; காலையில் அவற்றை இனம் இனமாகப் பிரித்து எண்ணி எழுதுகிறார்கள். நாட்டின் நெல் ஆராய்ச்சியை ஒருமுகப்படுத்துவதற்காக 1965-ல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அகில இந்தியத் திட்டத்தில், பல ராஜ்யங்களின் விளக்குப் பொறிக் கணக்குகளும் ஒன்று சேர்க்கப்படுகின்றன.

பொறி என்றவுடன் பெரிய யந்திரம் என்று எண்ண வேண்டாம். ஒரு பல்பு, அதன் அடியில் ஒரு புனல், புனலுக்குக் கீழே பூச்சிகள் விழுவதற்கு ஒரு பாத்திரம். வங்காளத்துச் சின்சுராவின் பெயரால் வழங்கும் பொறி நெல் நிலையங்களில் பெயர் பெற்றது. மின்சாரம் இல்லாத காலத்தில் அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நடுவே அரிக்கன் விளக்கை வைத்தார்கள். அதுவும் பொறிதான்.

எண்ணுவதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

தாமிரவருணிப் பள்ளத்தாக்கில் இரண்டு போகம். தென்மேற்குப் பருவக் காற்று பொதிகையில் பொழியும் மழையைக் கொண்டு ஆனி, ஆடியில் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவ மழையைக் கொண்டு பிசானம். கோடைமேலழகியான் அணையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த நதியின் நீரைப் பகிர்ந்து கொடுக்கின்றன. இப்படி ஆண்டில் பெரும் பகுதி வயலில் நெல் நிற்கும் சீமையில், நெல்லைத் தின்றே வாழும் பூச்சிக்குப் பஞ்சம் ஏது? அவற்றுள் குடியானவர்கள் குருத்துப் பூச்சி என்று சொல்லும் தண்டுத் துளைப்பான் முக்கியமானது. அதன் தாய் ஓர் அந்துப்பூச்சி. அந்து என்றால் நமது பெண்மணிகளுக்கு நெற்குதிரைத் திறந்ததும் பறக்கும் சிறு பூச்சி நினைவுக்கு வரும். இது அந்தக் குலத்தையே சேர்ந்தது, வயலில் வாழ்வது. பெண் பூச்சி வைக்கோல் மஞ்சள் நிறம். முன் சிறகு ஒவ்வொன்றின் மத்தியிலும் பொட்டு வைத்தாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி. ஆண் சிறியது, மங்கிய பழுப்பு நிறம்.

இந்தப் பொட்டுக்காரி நெல் இலையின் நுனியருகில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பின் மயிராலேயே மூடி வைக்கிறாள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை பொரிக்கிறது. வெளிவரும் புழு சில நாட்களுக்குள் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. போன பிறகு அதை மருந்து எளிதில் எட்டுவதில்லை. இளம் பயிரானால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். அதையாவது பயிர் புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடு செய்து கொள்ளும். கதிர் வாங்கும் சமயத்தில் துளைத்தால் கதிர் முழுவதும் வெளுத்து நிமிர்ந்து நிற்கும். அதில் ஒரு மணி கிடையாது. வெண்கதிர் என்பது அதுதான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அழகாகக் கூட இருக்கும்; கடன் வாங்கி நட்டவனுக்கு வயிறு எரியும்.

ஆகவே விளக்குப் பொறியில் பொட்டுக்காரிகளின் தொகை ஏறத் தொடங்கிய இரவுக்கும், புழு தண்டுக்குள் புகும் நாளுக்கும் இடையே உள்ள ஒரு வார காலந்தான் குடியானவனுக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த வாரத்தில் அவன் வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் தென்பட்டால் நடவடிக்கை எடுக்கலாம் என்பது விவசாய நிபுணர்கள் விதித்துள்ள அளவு. நாற்றாக இருந்தால் நடுவதற்கு முன் நுனியைக் கிள்ளி எறிந்தாலே பல குவியல்கள் ஒழியும். நட்ட பயிரானால் டிரைக்கோகிரம்மா என்ற குளவியை விடுகிறார்கள். கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத இந்தக் குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு விடுகிறது. புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கிறது. அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். ஹெக்டேருக்கு லட்சம் குளவிகள் என்பது கணக்கு. ஆனால் முட்டை இல்லாத காலத்தில் குளவியை விட்டால் அது சும்மா சாகும். பொரித்த பின் விட்டால் யாருக்கும் உபயோகமில்லை. நாள் தெரிய வேண்டும். அந்த நாளைச் சொல்வது விளக்கடிக் கணக்கு.

கணக்கு இல்லாதவன் என்ன செய்கிறான்? நட்ட பதினைந்தாம் நாள் ஒரு முறை, முப்பதாம் நாள் ஒரு முறை என்று மருந்து தெளிக்கிறான். மருந்துக் கடையில் எவரும் ‘உன் வயலில் எத்தனை அந்துப்பூச்சி?’ என்று கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் குறையும்! பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கண்டபடி மருந்தடித்தால் வயலிலுள்ள சிலந்திகளும் மற்ற நல்ல பூச்சிகளும் மடிந்து, அதுவரை அடங்கியிருந்த புகையான் தலை எடுக்கிறது. இந்தோனேஷியாவில் இப்படிப் புகையான் பெருகி அரிசிக்கே ஆபத்து வந்தபோது, 1986-ல் அந்நாட்டு ராஷ்டிரபதி 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கக் கூடாதென்று உத்தரவிட்டார். நம் நாட்டு நிபுணர்களும் எண்ணிப் பார்த்துத் தெளியுங்கள் என்றுதான் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பொறியில் விழும் பூச்சி குறைந்துவிடும். நிலவு வெளிச்சத்தில் விளக்கின் கவர்ச்சி மங்கிப் போவது ஒரு முக்கியக் காரணம். அதைப் பார்த்து, ‘பூச்சி போய்விட்டது’ என்று நிம்மதியாகத் தூங்கியவன் அமாவாசையன்று விழித்துக் கொள்வான். ஆகையால் தேதியோடு திதியையும் எழுதி வைக்க வேண்டும். நமது வீடுகளில் பஞ்சாங்கம் இல்லாத சுவர் இல்லை. சாஸ்திரத்துக்கு இவ்வளவு சுலபமாகப் பஞ்சாங்கம் உதவும் சந்தர்ப்பம் வேறு கிடைப்பது அரிது! மழை, காற்று இவற்றையும் குறித்துக் கொண்டால் நல்லது.

இனி, ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விளக்குப் பொறி வைத்தால் பூச்சிகளையெல்லாம் கொன்று தீர்த்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். சில சமயங்களில் அது உண்மைதான். மானாவாரி நிலக்கடலைக் காடுகளில் முதல் மழை பெய்ததும் சிவப்புக் கம்பளிப் புழுவின் அந்துகள் மண்ணிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. அந்த இரவுகளில் ஊர் கூடி விளக்கு வைத்தும் சொக்கப்பனை போல் தீ வளர்த்தும் அழிப்பது பயன் தரும் முறை. நெல் வயலில் அப்படியல்ல. விடிய விடிய எரியும் விளக்கில் பகைவனோடு நண்பனும் விழுகிறான். எறும்பு போல் நீண்டு, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி உள்ள சிறு வண்டு ஒன்று உண்டு. கழுத்தில் ஊர்ந்ததை நசுக்கினால் மறுநாள் தோல் வெந்து கொப்புளிக்கும். அதன்மேல் நமக்கு ஆத்திரம் வருவது இயற்கை. ஆனால் வயலில் அது புகையானைப் பிடித்துத் தின்னும் ஜீவன். ஆகவேதான் மாலையில் சில மணி நேரம் மட்டும் பொறியை எரித்துப் பத்து மணிக்குள் அணைத்துவிடும்படி நிபுணர்கள் யோசனை கூறுகிறார்கள். நமது அபிப்பிராயத்தில் நெல் வயலின் விளக்குப் பொறி கொலைக் கருவி அல்ல. வைத்தியன் கையிலுள்ள தர்மாமீட்டர் போன்றது. தர்மாமீட்டரை எத்தனை முறை வாயில் வைத்தாலும் ஜுரம் இறங்காது.

விளக்கைத் தேடி விட்டில் ஏன் வருகிறது? ஒளியின்மேல் மோகங் கொண்டு உயிரை விடுகிறது என்று நம் கவிகள் காலங் காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலரும் அதிவேகக் காமிராவைக் கொண்டு படம் பிடித்து வெளியிட்ட முடிவு வேறு. இரவில் வானம் பூமியைவிடச் சற்று வெளிச்சமானது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் பறப்பது பூச்சிகளின் சுபாவம். அதனால்தான் அவை தலைகீழாகாமல் நேரே பறக்க முடிகிறது. நாம் விளக்கை வைத்ததும் எது மேல், எது கீழ் என்பது குழம்பி, விளக்குக்கு முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றிக் கொண்டே சிக்கிக் கொள்கின்றன. மோகமில்லை, பாவம், திக்குத் தெரியாத தவிப்பு.

பொறிப் பாத்திரத்தில் நெல்லின் பகைவர்களை எண்ணியானதும் மிச்சம் நிறைய இருக்கும். அதைக் கொட்டிவிடுகிறார்கள். நிலையத்தின் வேலை நெல்லைக் காப்பது. அதில் குறை காண இடமில்லை. ஆயினும் கொட்டப்படுவதில் என்னவெல்லாம் இருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்கலாம். பூஜைக்குப் பூப்பறிக்கும் அரளியிலும் நந்தியாவட்டையிலும் புழுவாக வளர்ந்த, பச்சைப் பட்டில் கோலம் எழுதியது போன்ற பருத்த அந்து ஒன்று. எள் செடியில் வளர்ந்து, முதுகில் மண்டையோடு போன்ற குறி தாங்கி, பிடித்தால் கீச்சென்று கத்தும் இன்னொன்று. இது தேன் கூட்டில் நுழைந்து தேன் திருடும். சீந்தில் கொடியில் பிறந்து, நாரத்தையிலும் ஆரஞ்சிலும் ஊசி குத்தினாற்போல் துளையிட்டுச் சாறு குடிக்கும் மஞ்சள் பின்சிறகுப் பூச்சி. மேலே பொதிகை வனம், கீழே வயல். நடுவில் உள்ள விளக்குக்கு இரண்டு பக்கத்தாரும் வருவார்கள்.

இவற்றுக்கெல்லாம் முதலில் ஜாபிதா எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்பவர், இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு பெரிய பாகங்களை வெளியிட்டார். நம்மவர் சும்மா இருந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. டி. வி. ராமகிருஷ்ண ஐயர் கோயமுத்தூரில் பல்லாண்டு உழைத்து, தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி 1940-ல் வெளியிட்ட நூலை மாணாக்கர்கள் வெகுகாலம் போற்றிப் படித்தார்கள். ஆனால் பெயர் சூட்டுவது ஒன்று, ஆண்டுதோறும் எண்ணி வருவது ஒன்று. இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ல் வில்லியம்ஸ் என்பவர் ஒரு விளக்குப் பொறியை நிறுவினார். 1960-களுக்குப் பிறகு அந்தத் தீவு முழுவதும் பொறிகள் பரவின. பல பொறிகளைக் கவனித்துக் கொண்டவர்கள் சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள். அதன் பலனாக, 1968 முதல் 2017 வரை ஐம்பது வருஷங்களில் தங்கள் நாட்டுப் பெரிய அந்துப்பூச்சிகளின் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. அந்துப்பூச்சியின் புழுவைக் கொண்டுதான் எத்தனையோ குருவிகள் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. நமது கரையில் குருவி குறைந்தது என்று முதியவர்கள் சொல்கிறார்கள். முன்பெல்லாம் விளக்கில் இன்னும் எவ்வளவோ பூச்சி விழும் என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஞாபகத்துக்கு ரசீது கிடையாது.

நமது நேயர்கள் மனம் வைத்தால் இந்தக் குறையைப் போக்கலாம். பிராணிகளைக் கொல்ல வேண்டியதே இல்லை. மாடியிலோ பின்கட்டிலோ ஒரு பழைய வெள்ளை வேஷ்டியைக் கட்டி, எதிரே விளக்கை வைத்து, வாரத்தில் ஒரு நாள், மாலை ஏழரையிலிருந்து எட்டு வரை பார்த்தால் போதும். அரை மணிக்குப் பின் விளக்கை அணைத்துவிட்டால் வந்தவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள். பொட்டுக்காரி எத்தனை என்று எண்ணுங்கள். பெயர் தெரியாதவற்றைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 2012 முதல் ஜூலைக் கடைசியில் உலகத்தின் பல பாகங்களிலும் அந்துப்பூச்சி வாரம் என்று கொண்டாடுகிறார்கள்; நம் நாட்டிலும் ஆர்வமுள்ளவர்கள் அதில் சேர்ந்து கொள்கிறார்கள். கார்ப் பயிர் வயலில் நிற்கும் காலம் அது. தொடங்குவதற்கு நல்ல நாள்.

விளக்கை மாற்றக் கூடாது. பல்பை மாற்றினால் எந்தத் தேதியில் மாற்றினோம் என்று எழுத வேண்டும். நேரத்தை மாற்றக் கூடாது. பிள்ளைகள் இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடலாம்; பெரியவர்களை விட அவர்கள் யோக்கியமாக எண்ணுவார்கள். தேதி, திதி, மழை, தொகை என்று நாலு பத்தி போட்ட ஓர் அரையணா நோட்டுப் புஸ்தகம் — இந்தக் காலத்தில் பத்து, இருபது ரூபாய் ஆகும் — போதுமானது. வேஷ்டியின்மேல் ஒரு பூச்சிகூட வராத இரவுகளும் வரும். அன்றைக்கு நோட்டைத் திறக்காமல் படுத்துவிடத் தோன்றும். அந்த வரியிலும் தேதியையும் திதியையும் எழுதி, தொகை என்ற இடத்தில் தெளிவாக ஒரு பூஜ்யம் போட வேண்டும்.