கோடைக் காளானும் குடியானவர் கடமையும்

பழனியை அடுத்த பாலசமுத்திரம் போன்ற மலையடிவாரக் கிராமங்களில் சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்ததும், ஏழை ஜனங்கள் வரப்புகளிலும் தரிசுகளிலும் கீரையும் காளானும் தேடுவதுண்டு. நிலச்சொந்தக்காரர்கள் இதை அற்பமென்று எண்ணலாகாது. புற்றுக் காளானைப் பூமிக்குள் வளர்ப்பது கறையானே. மனிதர் அதை வியாபாரத்திற்குப் பயிரிட இன்னும் இயலவில்லை. ஆகையால் பயிருக்கு இடையூறில்லாத புற்றை இடியாது விடுதலே விவேகம். வரப்பில் களைக்கொல்லி தெளிப்பதைத் தவிர்த்தல் நலம். தெளித்தே தீரவேண்டுமாயின், கீரை பறிப்போருக்கு முன்னதாக அறிவித்தல் அவசியம்.

வெள்ளிக்காசு கறுக்காவிடில் காளான் விஷமற்றது என்பது வீண் நம்பிக்கை. சில கொடிய காளான்களின் விஷம் வேகவைத்தாலும் நீங்காது. உண்டு 6 மணி நேரத்திற்குப் பிறகே குணங்கள் தோன்றும். ஐயமுள்ளதை உண்ணலாகாது, உண்டவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் மழைக்கு முன்பே இதை ஊரறியச் செய்வார்களாக.