பில்லில் ‘பி.எஃப்.டி’ என்று ஒரு வரி போதுமா?

1/ நுரையீரல் டெஸ்ட் எடுத்திருந்தால் அந்த பில்லைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘பி.எஃப்.டி’. பக்கத்தில் ஒரு தொகை. அந்த ஒரு வரி போதாது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

2/ பி.எஃப்.டி என்பது ஒரே டெஸ்ட் இல்லைங்க, பல டெஸ்டுகளுக்கான பொதுப்பெயர்.

ஸ்பைரோமெட்ரி: மூச்சை முழுசா இழுத்து, வேகமா ஊதுவது.

மருந்துக்கு முன்-பின்: ஊதிய பிறகு சால்பியூட்டமால் கொடுத்து, சுமார் 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊதுவது.

டி.எல்.சி.ஓ: நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நல்லா கடக்கிறது என்று அளப்பது.

பிளெதிஸ்மோகிராஃபி: கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து நுரையீரலின் மொத்தக் கொள்ளளவை அளப்பது.

ஒவ்வொன்றுக்கும் ஆகிற நேரமும் செலவும் வேற.

3/ அமெரிக்காவில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சி.பி.டி எண் உண்டு. வெறும் ஸ்பைரோமெட்ரி 94010. மருந்துக்கு முன்-பின் 94060. டி.எல்.சி.ஓ 94729. பிளெதிஸ்மோகிராஃபி 94726.

94060-க்குள் 94010 அடக்கம். ஒரே பரிசோதனைக்கு ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. மீல்ஸுக்குக் காசு வாங்கிட்டு, சோத்துக்குத் தனியா பில் போட முடியாதில்லையா?

4/ இதில் வேடிக்கை என்னன்னா, அந்த எண்களைப் போடுகிறவர்களில் நிறைய பேர் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகள். டெக்சாஸில் ஒருத்தர் மருந்துக்குப் பிறகு ஊதினதுக்கு ரிப்போர்ட்டில் ஆதாரம் இருக்கான்னு பார்த்துத்தான் 94060 போடுவாங்க. அதே பிள்ளையோட அப்பா இங்கே ஊதினால், பில்லில் ஒரே வரி!

5/ இது வெறும் காசு விஷயம் இல்லை. சி.ஓ.பி.டி-யை உறுதி செய்ய, மருந்துக்குப் பிறகு ஊதும்போதும் முதல் நொடியில் வெளிவரும் காற்று, மொத்தக் காற்றில் 0.7-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறோம். பெரியவர்களுக்கு அந்த முதல் நொடிக் காற்று மருந்துக்குப் பின் 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால், அது ஆஸ்துமா பக்கம் கை காட்டும்.

டாக்டர் முன்-பின் கேட்டு எழுதியும் இரண்டாவது தடவை ஊதவே வைக்கவில்லை என்றால், இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. நீங்க வருஷக்கணக்கில் எந்த இன்ஹேலர் எடுக்கணும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கு.

6/ “அப்போ அமெரிக்க முறைதான் நல்லதா டாக்டர்?” அப்படிச் சொல்லலை. அங்கே ஒரு எண் பிசகினாலே இன்ஷூரன்ஸ் பணம் நின்னுபோகும். அந்தத் தலைவலி நமக்கு வேண்டாம். ஆனால் ‘செய்ததை எழுது, எழுதினதுக்கு மட்டும் காசு வாங்கு’ என்கிற ஒழுங்கு நமக்கும் வேணும்.

7/ இன்னொன்று. “ஒரு நாள் அட்மிட் ஆகிட்டா டெஸ்ட் செலவை இன்ஷூரன்ஸில் வாங்கிடலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆவதை விலக்கும் விதி (எக்ஸ்க்ளூஷன் 04) நம்ம மெடிக்கல் பாலிசிகளில் பொதுவாகவே இருக்கும்.

8/ நீங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பணம் கட்டும் முன் கேளுங்க: “எந்த டெஸ்ட்? மருந்து கொடுத்து மறுபடி ஊதுறதும் இதில் சேர்த்தியா?”

முன்-பின் டெஸ்ட் என்றால் ரிப்போர்ட்டில் ரெண்டு பத்தி எண்கள் இருக்கணும். ஒண்ணுதான் இருந்தால், அங்கேயே கேளுங்க.

பில்லில் டெஸ்டின் முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்க. பில்லையும் கிராஃபையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்க.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஊதினது உங்க மூச்சு, கட்டினது உங்க காசு. என்ன டெஸ்ட் செய்தோம் என்று தெளிவாக எழுதித் தருவது எங்க கடமை.