கட்டம் காட்டும் சரிவும் கால் காட்டும் சரிவும்

அக்காவின் மகன் டொரொண்டோவில் இருக்கிறான். அவனுக்கு ஞாயிறு இரவாகும்போது உரும்பிராயில் எனக்குத் திங்கள் விடிகாலை. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் இணையத்தில் கோல்ஃப் விளையாடுகிறோம். செம்மண் தோட்டங்களுக்கு நடுவே பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியைப் பத்திரிகை மேசைகளில் கழித்து, ஒரு கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டும் அறியாத ஒருவனுக்கு இது தேவையா என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவி தினமும் கேட்கிறாள்.

தூர அடிகளில் மருமகன் என்னை எளிதாக வென்றுவிடுகிறான். இளைய கை, விரைந்த கண். ஆனால் பந்து 'கிரீன்' எனப்படும் அந்த மொட்டையடித்த புல்தளத்தை அடைந்த பிறகு நிலைமை மாறிவிடும். 42.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்தை 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழியில் உருட்டிவிடுவது, பார்ப்பதற்குப் போளையடிப்பதைவிடச் சுலபம். உண்மையில் கோல்ஃபின் பாதி அழுகை அங்கேதான் இருக்கிறது. தளம் மட்டமாகத் தெரியும், மட்டமாக இராது. ஒரு பக்கம் சரிந்து, நடுவில் மறுபக்கம் திரும்பி, குழியருகே மீண்டும் ஏமாற்றும்.

கணினித் திரையில் காலூன்ற முடியாது. அதனால் இவ்விளையாட்டுகளில் தளத்தின் மீது ஒரு கட்டம் விரிகிறது. கட்டக் கோடுகளின் வழியே சிறு புள்ளிகள் ஊர்கின்றன. எந்தப் பக்கம் ஊர்கின்றனவோ அந்தப் பக்கம் சரிவு. வேகமாக ஊர்ந்தால் சரிவு அதிகம். மருமகன் புள்ளிகளை எண்ணி, வேகத்துக்கு ஒரு பெறுமதி கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, இத்தனை அங்குலம் இடப்பக்கம் என்று முடிவு செய்கிறான். கணக்கு மிகச் சரி. பந்து மட்டும் குழிக்குக் கீழே போய் நிற்கும்.

"மாமா, நீங்கள் எப்பிடிக் கணக்குப் பாக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டான்.

நான் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தப் புள்ளிகளை முதன்முதலில் கண்டபோதே எனக்கு அவை தண்ணீராகத்தான் தெரிந்தன.

ஐயாவுக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் பயிரிட்ட தோட்டம் இருந்தது. கிணற்றடியில் மிசின் இறைக்கும். பள்ளிக்கூடம் போவதற்கு முன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவது என் வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தைப் பற்றி வெளியூரார் அறியவேண்டியது ஒன்றுண்டு. இங்கே மலை கிடையாது. கீரிமலைக்குப் பெயரில் மட்டுந்தான் மலை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேரும். ஆகவே எங்கள் தறையில் சரிவு கண்ணுக்குப் புலப்படாது. ஐயா வெறுங்காலோடு வரம்பில் நடந்து பார்த்து, மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தி, வாய்க்காலுக்கு வழி விடுவார். வாய்க்காலின் தலைப்பில் தண்ணீர் மிசினின் வேகத்தில் ஓடும். அங்கே அது நிலத்தை மதிக்காது. கடைசிப் பாத்தியை எட்டி வேகம் தளரும்போதுதான் நிலத்தின் குணம் தெரியவரும். "கடைசிப் பாத்தியைப் பார்" என்பார்.

உருளும் பந்தும் இதே இயல்புடையது. புறப்படும்போது வேகத்தால் நேராகப் போகிறது. குழியை நெருங்கி வேகம் செத்துவரும்போதுதான் சரிவு அதனைப் பிடித்து இழுக்கிறது. எனவே காலடியில் ஊரும் புள்ளிகளையும் குழியோரத்துப் புள்ளிகளையும் சம மதிப்பில் கூட்டுவது தவறு. மருமகனின் கணக்கு பிழைத்தது அங்கேதான். தளம் எவ்வளவு விரைவானதோ அவ்வளவுக்கு மென்மையாகத் தட்டவேண்டியிருக்கும். மென்மையாகத் தட்டினால் வளைவும் கூடும். 1935இல் அமெரிக்காவின் ஓக்மொன்ட் திடலில் நடந்த போட்டியைப் பார்த்துவிட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் உருவாக்கிய சாய்கோல்தான், தளத்தின் வேகத்தை அளக்க இன்றைக்கும் பயன்படுகிறது. பந்து உருளும் தூரத்தை அடிக்கணக்கில் சொல்லும் அந்த எண்ணை இணைய விளையாட்டுகளும் இரவல் வாங்கியுள்ளன.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்ப நாடுகளின் திடல்களில் பெரிதும் வளர்க்கப்படும் 'பெர்முடா' புல் வேறொன்றுமில்லை, நம்முடைய அறுகின் இனந்தான். வெங்காயப் பாத்தியில் நாம் பிடுங்கி எறிந்ததும், கருணாகரப் பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டியதும் அதுவே. அறுகு ஒரு பக்கமாகப் படர்ந்து சாயும். அந்தச் சாய்வோடு உருண்டால் பந்து விரையும், எதிர்த்தால் தயங்கும். திரையின் கட்டம் இதைக் காட்டுவதில்லை.

2003இல், பாதை திறந்திருந்த காலத்தில், ஒரு செய்திக்காக நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். 1889இல் தொடங்கிய அங்குள்ள திடலில், வெள்ளைக்காரர் ஒருவரின் பையைச் சுமந்துவந்த மலையகத் தமிழர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். மேடு எது பள்ளம் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "சுத்தி மலை இருக்குங்க சார், கண்ணு ஏமாத்திடும். காலைத்தான் கேக்கணும்." எங்கள் ஊரில் மலையில்லாததால் கண் ஏமாறுகிறது, அவர் ஊரில் மலையிருப்பதால் ஏமாறுகிறது. இருவருக்கும் கால்தான் சாட்சி.

கோல்ஃபின் விதிகளை வகுப்போரும் இதை உணர்ந்தேயிருக்கிறார்கள். சுற்று நடக்கும்போது தளத்தைத் தேய்த்துப் பார்ப்பதும், பந்தை உருட்டிச் சோதிப்பதும் கூடாது. காலால் உணர்வதற்குத் தடையில்லை. தளத்தின் ஒவ்வொரு சரிவையும் அம்புக்குறியிட்டு அச்சடித்த கையேடுகள் தொழில்முறை வீரர்களின் பைகளில் பெருகியபோது, 2019இல் அவற்றின் அளவையும் விரிவையும் கட்டுப்படுத்தினார்கள். 2022இல் உயர்மட்டப் போட்டிகளுக்கு இன்னும் இறுக்கமான விதி வந்தது. வாசிப்பது ஆட்டக்காரனின் வேலை, அச்சகத்தின் வேலையன்று என்பதே அவர்கள் எடுத்த நிலை. நான் அவர்கள் பக்கம்.

ஆனால் திரையில் கட்டமே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. மருமகன் கேட்டான்: "திரையிலை கால் வைக்கேலாது மாமா. அப்ப காலுக்குப் பதிலா ஏதாவது வேணும்தானே?" நியாயமான கேள்வி. ஊரும் புள்ளிகள் நிலத்தின் செய்தியைத் தருகின்றன. தீர்ப்பை நம்மிடம் விடுகின்றன. நான் எதிர்ப்பது அதற்கு அடுத்த படியை. சில விளையாட்டுகள் பந்து போகவேண்டிய வளைகோட்டையே வரைந்து காட்டிவிடுகின்றன. கோட்டின் மேல் தட்டிவிட்டு, 'பட்' விழுந்தது என்று மகிழ்வது எந்த வகை மகிழ்ச்சி என்பது எனக்குப் புரியவில்லை. அது பரீட்சைத் தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுப்பது.

இதை ஏன் இவ்வளவு தூரம் பேசுகிறேன் என்றால், தோற்பது விளையாட்டில் மட்டுமாக இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும் எங்கள் வளவில் தண்ணீர் ஏறியது. சில நாளில் தானே வடிந்தது. 2020 டிசம்பரில் புரேவி வந்தபோது வடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஐயா காலமாகிவிட்டார், தோட்டத்தின் ஒரு பகுதிக்கு நான் மதில் கட்டியிருந்தேன். மேசனுக்கு நூல் பிடிக்கத் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். பதினைந்து வயதுவரை காலையில் அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றவன் நான்.

போன மாரிக்கு மருமகன் வந்திருந்தான். மழை விட்டதும் இருவருமாக வளவுக்குள் இறங்கினோம். கைத்தொலைபேசியில் மட்டம் பார்க்கும் செயலி ஒன்றை அவன் திறந்தான். நான் செருப்பைக் கழற்றினேன். மதிலில் எந்த இடத்தில் துளை போடுவது என்பதில் எங்களுக்குள் ஏழெட்டு அடி வித்தியாசம் வந்தது. இரண்டு இடத்திலும் சுண்ணாம்பால் அடையாளம் வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்குத் தண்ணீர் எங்கே வந்து முட்டுகிறதென்று பார்த்துவிட்டு மேசனைக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.